கதவில் விழுந்த வெளிச்சம்

கார் டிசைனர் கணினித் திரையை மனைவி பக்கம் திருப்பினார். எதிர்காலக் கார். இன்னும் ஒரு நட்டுகூடச் செய்தாகவில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்பதுபோல் பளபளத்தது.

"தொட்டா விரல் ரேகை பதிஞ்சிடும் போலிருக்கே!"

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கார்தான் பொய். அதுமேல விழற வெளிச்சம் நிஜம். நிஜமான இடத்துல நின்னு சுத்திவரப் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தா, அந்த இடம் அப்படியே கதவுல தெரியும்."

"அதுக்குத்தான் வாராவாரம் கடற்கரையில அலையறீங்களா? பாதியா இளைச்சுப் போயிட்டீங்க."

"அங்க காலை வெயில் அப்படி!"

அவள் கார்க் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடலைக் காணோம். ஒரு கட்டடம் தெரிந்தது. அதன் பெயர்ப்பலகை கண்ணாடியில் விழுந்ததுபோல் இடம்வலம் மாறியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"புற்றுநோய் மருத்துவமனை."

அங்கிருந்து வெளியே வரும்போது அடித்த வெயிலின் அழகில் மயங்கிப் படம் எடுத்தவர், தலைக்கு மேல் இருந்த பலகையை மறந்தே போயிருந்தார். படத்தை மூட அவசரமாக மவுஸைத் தேடினார்.

அவள் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வெளிச்சம் எடுக்க நானும் வர்றேன்."