கோட்டுக்குக் கீழே

கண்ணாடிக் கடை வாசற்படியில் அவன் குந்தியிருந்தான்.

உள்ளே மகளுக்குக் கண்ணாடி மாட்டுகிறார்கள். பக்கத்தில் அவன் மனைவி முப்பிடாதி நிற்கிறாள். அவன் போகவில்லை.

கிட்டே போனால் பிள்ளையின் இடது கண் மூக்கோரம் ஓடிவிடும்.

கட்டட வேலையில் சாரத்தின் மேல் நின்று பார்த்தால் கண் இரண்டும் நேராக இருக்கும். கீழே மணல் குவியலிலிருந்து கையாட்டுவாள். இறங்கி வந்து தூக்கினால் போச்சு. ஒரு கண்தான் அவனைப் பார்க்கும்.

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்லாவே, விடும்" என்றார் கொத்தனார்.

அவன் தூக்குவதை விட்டான்.

தன் மூஞ்சிதான் அந்தக் கண்ணை இழுக்கிறது என்று நினைத்தான். எட்ட நின்றே கொஞ்சினான். அவள் கை நீட்டிக்கொண்டு வந்தால் இவன் பின்னால் நகர்ந்தான்.

இன்று காலை டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னான். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க முகம் என்னங்க பண்ணும்? எது கிட்ட வந்தாலும் அந்தக் கண்ணு முக்கி முக்கிப் பாக்குது. அதான் உள்ள போயிடுது. கண்ணாடி போட்டுப் பாப்போம்."

கதவு திறந்தது. அவன் எழுந்தான்.

மகள் வந்தாள். கண்ணாடியின் நடுவே குறுக்காக ஒரு கோடு. மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. கடைக்காரர் சொன்னதை முப்பிடாதி சொன்னாள்.

"தூக்குங்க. என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?"

தூக்கினான். முகத்துக்கு நேராக.

கண் மூக்குக்கு ஓடியது.

அவன் இறக்கப் போனான்.

"மேல் பாதி வழியாப் பாக்கால்லா. இன்னும் ஒசத்துங்க."

தலைக்கு மேலே உயர்த்தினான். பிள்ளை குனிந்து பார்த்தாள்.

கோட்டுக்குக் கீழே, முதலில் ஒரு கண்.

அப்புறம் மற்றது. மூக்கை விட்டு, மெல்ல மெல்ல, வந்து நின்றது.

இரண்டும் அவன் மேல்.

சாலையில் ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை.

"எப்பா, ஒம் மீசையில ஒரு முடி வெள்ளையா இருக்கு."

"எங்க?"

விரலால் தொட்டுக் காட்டினாள்.

"போதும், எறக்குங்க. கை கடுக்கப் போவுது" என்றாள் முப்பிடாதி.

கை கடுத்தது.

"இன்னொண்ணும் கெடக்கும்ட்டி" என்றான் அவன். "நல்லாத் தேடு."