பதினோரு கிலோ

"இறங்கிட்டு மறுபடியும் ஏறுங்க, சார்."

ஏறினார். முள் அதே இடத்தில்தான் நின்றது. மூன்று மாதத்தில் பதினோரு கிலோ! உணவு ஆலோசகரான அவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"பத்து கிலோ குறைச்சாத்தான் முட்டியில கத்தி வைப்பேன்னு சர்ஜன் கறாரா சொல்லிட்டாரு. இனி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுடலாம்ல, மேடம்?" அவர் மனைவிக்கு வாயெல்லாம் பல்.

"தாராளமா. வீட்டுல சாப்பாடெல்லாம் எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க! சட்டியோட வழிச்சுத் தின்ன மனுஷன். இப்ப காலைல வெறும் கடுங்காப்பி. ராத்திரி தட்டு வெச்சா, 'ஆபீஸ்லயே லேசா முடிச்சுட்டேன்'ங்கறாரு. எனக்கு ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கவே சலிப்பா இருக்கு."

"கொஞ்சம் உங்களுக்கும் கத்துக் கொடுக்கச் சொல்லுங்க," என்று சிரித்தாள் அவள்.

"அது மட்டுமா? அந்தச் சனியனையும் தலைமுழுகிட்டாரு." மனைவி கைகூப்பினாள். "வீட்டுல ஒரு பாட்டில் கண்ணுல படலை, மேடம். கல்யாணமான நாள்லேருந்து நான் அழுது கெஞ்சி நடக்காதது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, விட்டுட்டாரு."

அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இத்தனை வேகமாக இளைத்தால் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஒரு வார்த்தையை உண்மையில் அவள் சொல்லவே இல்லை. எடுத்த எடுப்பில் குடிக்காதீர்கள் என்றால் அடுத்த முறை ஆளே வரமாட்டார். அப்படிப் பலரைத் தொலைத்திருக்கிறாள். அதனால் திட்டவில்லை. மதுவில் சத்து என்று எதுவும் கிடையாது, ஆனால் கொழுப்புக்கு அடுத்தபடி கலோரி அதில்தான் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பொறுமையாக விளக்கினாள். முடிவை அவரிடமே விட்டாள்.

விட்டது வீண்போகவில்லை. உதட்டில் எண்ணெய்ப் பளபளப்போடு வந்து, "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை மேடம்" என்பவர்களையே பார்த்துச் சலித்த மனசு. இன்று, இந்த வேலைக்கு வந்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்ததுபோல் லேசாகிவிட்டது.

"சர்ஜனுக்கு இப்பவே போன் போட்டுடறேன்!" மனைவி செல்போனோடு வெளியே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டதும் அவர் நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். வாயிலிருந்த புதினா மிட்டாயையும் மீறி வேறொரு நெடி அவள் முகத்தில் அடித்தது.

"எல்லாரும் தடை போட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மேடம் வழி காட்டினீங்க," என்றார் ரகசியமாக. கண் கலங்கியிருந்தது, அத்தனையும் நன்றி.

"நானா? என்ன... என்ன வழி?" என்றாள் அவள்.

"முதல் நாளே புரிய வெச்சீங்களே, நான் குடிக்கற அரை பாட்டில் ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்னு. அதான், சாப்பாட்டை விட்டுட்டேன்!"