தலைகீழாக ஒரு பெயர்

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலக் கிராமம் ஒன்றின் தேவாலயத்து ஆவண அறையில், ஞானஸ்நானப் பதிவேட்டின் மேல் குளிர்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. வீப்கேவுக்குப் பழைய ஜெர்மன் எழுத்து பிடிபடவில்லை. எல்லாம் ரம்பப் பற்களாகவே தெரிகின்றன. அவள் அப்பா டீட்மார் பள்ளியில் படித்தது அந்த எழுத்தைத்தான், ஆனால் கண் போய்விட்டது. அதனால் பார்ப்பதை அப்படியே அவர் உள்ளங்கையில் விரலால் வரைகிறாள். தேடுவது அவருடைய அம்மாவின் பிறப்புப் பதிவை. கனத்த புத்தகம் மேசையில் உரசிச் சுழல்கிறது.

“ஏம்மா திருப்புற?”

“இந்த ஒண்ண மட்டும் தலைகீழா எழுதியிருக்காங்கப்பா. பாதிரியார் தூங்கி வழிஞ்சிருப்பாரு.”

சிரித்துக்கொண்டே வரைகிறாள். நாலாவது எழுத்திலேயே அவர் உதடு அசைகிறது.

“அடெல்ஹைட். அம்மாதான்.” கை மெல்ல மூடிக்கொள்கிறது. “தூங்கலம்மா. கல்யாணம் ஆகாமப் பொறந்த பிள்ளைய அப்பல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. தன்னோட அப்பா போர்ல செத்தாருன்னு அவ சாகுற வரைக்கும் சொன்னாளே...”

சுவரோரம் வெந்நீர்க் குழாய் முனகுகிறது. அவர் மறுபடியும் கையை விரித்து நீட்டுகிறார்.

“தகப்பன் பேருக்கு ஒரு கட்டம் இருக்குமே, அத எழுது.”

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கிறது. அவள் விரல் உள்ளங்கைக்கு மேலேயே நிற்கிறது.

“எழுதும்மா. எவ்வளவு கோணலா இருந்தாலும் படிச்சிடுவேன்.”