நிதானமான டிரைவர்

அயர்லாந்தின் ரோஸ்காமனில் மழை விடாத காலை. கெட்டில் கொதித்து அடங்கிய பின்னும் ப்ரோனா எழவில்லை. மேசைமேல் ஸ்பீக்கரில் கிடக்கும் போனையே முறைக்கிறாள். எதிரே கணவன் டெக்லன் ரொட்டியில் ஓரம் விடாமல் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். போன கோடையில் அவளுடைய காரை எடுத்துக்கொண்டு வேகமாய்ப் போய் கேமராவில் மாட்டியவன் அவன்தான். அவனுடைய லாரி வேலை போய்விடுமே என்று, ஓட்டியது தானே என போலீசுக்கு எழுதிக் கொடுத்து, அபராதப் புள்ளிகளைத் தன் லைசென்ஸில் ஏற்றுக்கொண்டாள் அவள். "உங்க லைசென்ஸ்ல மூணு பெனால்டி பாயிண்ட் இருக்கே மேடம்," என்கிறாள் இன்சூரன்ஸ்காரப் பெண், இனிமையாக. "அதான் பிரீமியம் இவ்வளவு ஏறியிருக்கு. ஒண்ணு பண்ணலாம். உங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் சுத்தமா இருக்கு, நிதானமான டிரைவர். அவரையும் பாலிசியில சேர்த்தா கொஞ்சம் குறையும்." டெக்லன் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டுகிறான். "சேர்த்துடு ப்ரோனா. நீயும் கொஞ்சம் மெதுவா ஓட்டக் கத்துக்கோ." ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது. அவள் காதோரம் சிவக்கிறது. குரல் மட்டும் ஏறவில்லை. போனை அருகே இழுத்துக்கொள்கிறாள். "பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகும்னு ஆரம்பத்துல சொன்னீங்களே, இப்பவும் ஆகுதாம்மா?" "ஆமா மேடம்." வெண்ணெய்க் கத்தி அடுத்த ரொட்டியின் நடுவில் அப்படியே நிற்கிறது. "நல்லது," என்கிறாள் ப்ரோனா. "நிதானமா சொல்றேன், கேட்டுக்கோங்க."