பயந்த தண்ணீர்

வெறும் தண்ணீரில் கார்ட்டிசால் எங்கிருந்து வந்தது என்று உளவியலாளருக்குப் பிடிபடவில்லை. பயந்தால் உடம்பில் சுரக்கும் அந்த ஹார்மோன் அரை மணிக்குள் எச்சிலிலும் ஏறிவிடும். பதினெட்டு வருடமாக அதைத்தான் அவர் அளந்துவருகிறார். எச்சில் குப்பிகளோடு சுத்தமான தண்ணீர்க் குப்பி ஒன்றையும் கருவியில் வைப்பார்கள். அதில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம். இப்போது பதினாறு வந்தது. பரீட்சை அறை வாசலில் நிற்பவரின் அளவு அது.

தண்ணீரை மாற்றினார், குப்பியை மாற்றினார், கருவியையே மாற்றினார். பதினாறுதான்.

"இப்படியே போனா பதினெட்டு வருஷமும் குப்பைக்குத்தான் மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர். "தண்ணிக்கும் டென்ஷன் போல!"

"சிரிக்காதீங்க. இங்க வர்றவங்கள வந்ததும் துப்பச் சொல்றோமா?"

"இல்லையே. அரை மணி நேரம் உக்கார வெச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத்தான்..."

"தண்ணிகிட்ட யாரு சொன்னா?"

உதவியாளர் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் தண்ணீர்க் குப்பியை முதலில் ஜன்னலோர நாற்காலியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். உளவியலாளர் எதிரே உட்கார்ந்து, "பயப்பட ஒண்ணுமில்ல, உடனே முடிஞ்சிரும்," என்கிறார். சொல்லாமல் விட்டால் பதினாறு வருகிறது. சொன்னால் பூஜ்யம்.