இருபத்தாறு டன்

சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் வேன் சந்திப்பில் வந்து நின்றதும், எண்ணெயில் கிடந்த வடையை மறந்து போனைத் தேடினாள் அமுதவள்ளி. நாலு அதிகாரிகள் இறங்கி, லோரிகளை எடை பார்க்கும் இரும்புத் தட்டுகளைச் சாலையோரத்தில் பரப்பத் தொடங்கினார்கள்.

பார்வைக்கு அது செமினி சாலையோரத்து வடைக் கடை. ஆனால் வடை சுடுவதைவிட ரோட்டைப் பார்ப்பதுதான் அமுதவள்ளிக்கு முக்கிய வேலை. கல் உடைக்கும் மலையிலிருந்து அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு வரும் லோரிகளுக்கு, முன்னால் ஜேபிஜே நிற்கிறதா இல்லையா என்று வாட்ஸாப் குரூப்பில் தகவல் கொடுப்பாள். நின்றால் ‘ஆடா’, இல்லையென்றால் ‘கிளியர்’. ‘ஆடா’ வந்தால் போதும், லோரிகள் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் திரும்பி, ஜேபிஜே கிளம்பும்வரை அங்கேயே பதுங்கிவிடும்.

இந்த வேலைக்குத் தொந்தோ என்று பேர். பிடிபட்டால் அவள்மேலும் கேஸ்தான். ஆனால் அவளை இதில் இழுத்துவிட்ட லோரி முதலாளி கார்த்திகேசுவுக்கும் சட்டத்துக்கும் என்றைக்குமே ஆகாது.

இன்றைக்கு மற்ற லோரிகளெல்லாம் ரவாங் பக்கம் போய்விட்டன. இந்தப் பாதையில் கிள்ளானுக்குக் கல் ஏற்றி வரப்போவது ஒரே ஒரு லோரி. ஓட்டுவது அவள் புருஷன் சுகுமாறன்.

காலையில் சப்பாத்தை மாட்டும்போதே அவன் முகம் சரியில்லை.

“என்னங்க?”

“பிரேக்கு சரியில்ல வள்ளி. ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது.”

“பாஸ்கிட்ட சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? இந்த ஒரு டிரிப்பு முடிச்சிட்டு வொர்க்‌ஷாப்ல விடலாம் லான்னு சொல்றாரு.”

“அப்ப இன்னிக்குப் போவாதீங்க.”

“போவலன்னா நாளைக்கு என் சீட்டுல வேற ஆளு உட்காருவான். பதினெட்டு வருஷமா இந்த ஸ்டியரிங்தான் நமக்குச் சோறு போடுது.”

அவள் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். ஜேபிஜேயிடம் மாட்டினால் லோரி போகும், அவன் லைசன்ஸுக்கே ஆபத்து வரும், கார்த்திகேசு கைகழுவி விடுவார். ஐம்பது வயதுக்குப் பிறகு அவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

போன் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து, அதிகாரிகள் பக்கம் முதுகைக் காட்டி நின்று, ஒரே ஒரு சொல்லை அடித்துக் குரூப்பில் போட்டாள். முருகா, இந்த ஒரு நாள் மட்டும் கைவிட்டுவிடாதே என்று வாய்விட்டே சொன்னாள்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரர் நாகையா சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இவனுங்க இந்த ரோட்டுக்கு வர்ற நாளே இல்லையே. எவனோ போட்டுக் குடுத்திருக்கான் போல.”

“வடை கருகுதுண்ணே” என்று சொல்லி அவள் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வடை உண்மையாகவே கருகித்தான் போயிருந்தது.

பத்து நிமிடம் ஆனது. வந்த லோரிகளெல்லாம் காய்கறியும் கோழியும் ஏற்றியவை. அதிகாரிகள் அவற்றைக் கையாட்டி அனுப்பிவிட்டார்கள். சந்திப்பைத் தாண்டினால் நேர் இறக்கம், அடியில் சிக்னல். மத்தியான நேரமாகையால் அங்கே பள்ளிக்கூட பஸ்கள் வரிசை கட்டி நின்றன.

வளைவில் மஞ்சள் நிற லோரி தலை காட்டியது. மண் ரோட்டில் திரும்பாமல் நேராக வந்தது. அமுதவள்ளி கரண்டியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி கை காட்டினார். லோரி உடனே நிற்கவில்லை. சமதரையிலேயே தட்டுகளைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பின்னால் எடுத்து எடை போட்டார்கள். வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருப்பது இருபத்தாறு டன், தட்டு காட்டியது நாற்பத்தொன்று. ஒருவர் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்து, முகம் மாறி இறங்கினார். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

அரைமணி கழித்து சுகுமாறன் அபராதச் சமன் தாளோடு கடைக்கு வந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நாகையா நிலைமை புரிந்து எழுந்து போய்விட்டார்.

“கிளியர்னு போட்டிருந்தியே வள்ளி! அத நம்பித்தானே நேரா வந்தேன்!”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“லோரிய இழுத்துட்டுப் போகப் போறாங்க. பாஸ் போன்லயே கழுவி ஊத்திட்டாரு. இனிமே கம்பெனி கேட்டுப் பக்கமே வராதன்னு சொல்லிட்டாரு.”

ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்ததும் அவன் கோபம் கொஞ்சம் இறங்கியது. கோபம் வந்தாலும் அவளை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவன்.

“சரி விடு, நீ என்ன பண்ணுவ. நீ கிளியர்னு போட்டதுக்கப்புறம்தான் இவங்க வந்து நின்னிருப்பாங்க. அப்படித்தானே?”

அமுதவள்ளி புருஷனை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

“இவங்கள வரச் சொன்னதே நான்தாங்க.”