சட்டை வாசனை

அப்பாவின் சட்டையை மூன்றாவது முறையாக மோந்து பார்த்தாள் மகள். சந்தேகமே இல்லை. பேரிக்காயும் ரோஜாவும் கலந்த மாதிரி, பொம்பளை சென்ட்!

ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அளவெடுக்க நாலு பேர் முகத்துக்குக் கிட்டே போகத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வாரமாக, தினமும், அதே வாசனை!

அம்மாவுக்கு இது தெரியப்போவதில்லை. போன வருஷம் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டு போய்விட்டது. அடுப்பில் தீய்ந்தாலும் தெரியாது. பால் கெட்டுப்போச்சா, சட்டையைத் துவைக்கணுமா என்று மோந்து சொல்வது இப்போது மகளின் வேலை. அம்மா புலம்புவதில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் போய் துரோகமா? மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா குளித்துவிட்டு வந்ததும் சட்டையை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாருப்பா அவ?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "மெதுவா பேசு. அம்மா காதுல விழப்போகுது."

"விழட்டுமே! மூக்குக்குத்தான் தெரியாது, காதுக்காவது தெரியட்டும். அம்மா கண்டுபிடிக்க மாட்டாங்கங்கிற தைரியம்தானே உங்களுக்கு?"

"கண்டுபிடிக்க மாட்டாளாங்கிற ஏக்கத்துலதான் தினமும் போட்டுட்டு வர்றேன்."

மகளுக்குப் புரியவில்லை. அப்பா கடைக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து, ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மா போட்ட சென்ட். கடை கடையா ஏறி இறங்கித் தேடிப் பிடிச்சேன். அப்பல்லாம் பொம்பளைங்கள நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சம். கண்ணாடி போட இவ வந்தா. சில சென்ட் 'தள்ளி நில்லு'ன்னு மிரட்டும். இது அப்படியில்ல. பழம் நறுக்கி வச்சுட்டு 'வாங்க, உக்காருங்க'ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும். அளவெடுக்கக் கிட்ட போனேனா, போர்டுல இருந்த எழுத்தெல்லாம் எனக்கு மங்கிப்போச்சு!"

இந்த வயதிலும் அப்பாவுக்கு வெட்கம் வந்தது.

"பழகின வாசனையா தினமும் காட்டுங்க, மோப்பம் திரும்பினாலும் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. அதான்."

"அதை அம்மாகிட்ட சொல்லிட்டே செய்யலாமே?"

"சொன்னா, 'ஆமாங்க, நல்லா மணக்குது'ன்னு எனக்காகப் பொய் சொல்லிடுவா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும். நீட்டிய சட்டையை மகள் இறக்கிக்கொண்டாள்.

"சாரிப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அவளும் கூட்டுக் களவாணி ஆனாள். கடையிலிருந்து வந்ததும் அப்பா வேண்டுமென்றே சமையலறைக்குள் போய் அம்மாவை ஒட்டி நிற்பார். மகள் வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"வழியில நிக்காதீங்க, சூடா இருக்கு" என்பாள் அம்மா.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. பாட்டில் கால்வாசிக்கு வந்தது. அப்பா மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மெஷினில் போடத் துணி அள்ளிக்கொண்டிருந்த அம்மா, அப்பாவின் சட்டையோடு விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"இந்தச் சட்டையில என்னமோ பொம்பள சென்ட் வாசனை வருது!"

அப்பா கையிலிருந்த பேப்பர் நழுவியது. மகள் ஓடி வந்தாள்.

"முழிக்காதீங்க. எங்கேயோ மோந்த வாசனையாவும் இருக்கு. எனக்குத் தெரிஞ்சவளாத்தான் இருக்கணும். யாருங்க அவ?"

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீதாண்டி."